நான்காம் விளக்கு

எனக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். டிவி பார்க்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் துணி மடிக்க எழுந்துவிடுவேன். பிறவிக் குணம் என்று வீட்டில் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது பாலம் கொடுத்த வியாதி. ஒன்பது வருடம் மலேசியாவின் ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவள் நான். நாலு மணிக்கு எழுந்து, நாலரைக்கு கம்பெனி பஸ் பிடித்து, வரிசை நகர்கிறதா இல்லையா என்று பாலத்தில் எட்டி எட்டிப் பார்த்தே அந்த ஒன்பது வருடமும் போனது. பாலத்தை விட்டு மூன்று வருடம் ஆகியும் அந்த எட்டிப் பார்க்கும் புத்தி உடம்பை விட்டுப் போகவில்லை.

என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவரும் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். அதனால் மகளைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டுப் போவோம். அந்த வீட்டு ஆன்ட்டி நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் மகளுக்கு முதல் பல் விழுந்ததைப் பார்த்தவர் அவர்தான். எனக்குப் போனில் படம் வந்தது. பஸ்ஸில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அழுதேன்.

பாலம் தாண்டாமல் எங்கள் பக்கமே, தெப்ராவில், எல்.இ.டி. விளக்கு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும், சம்பளம் குறைவு என்று தெரிந்தே குதித்து ஓடிவந்தேன். அதற்குப் பிறகு காலையில் மகளை நான்தான் எழுப்புகிறேன். அவளுக்கு இப்போது பத்து வயது. எழுப்பினால் முனகுவாள், போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள், நான் கத்துவேன். அந்தக் கத்தலுக்காகத்தான் குறைந்த சம்பளத்துக்கு வந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கம்பெனி முதலாளி சீனர். தவுக்கே என்போம். ஊரெல்லாம் விளக்கு செய்கிறார்கள், நாம் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு தினவு. அப்படித்தான் வெளிச்சத்தில் தகவல் அனுப்பும் விளக்கு எங்கள் தலையில் வந்து விழுந்தது. கேட்டால் மாயாஜாலம் மாதிரி இருக்கும், விஷயம் எளிது. எல்.இ.டி. விளக்கின் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கூட்டிக் குறைக்கலாம். நமக்கு அது சாதாரண வெளிச்சம். மேசைமேல் இருக்கும் டேப்லட்டில் செருகிய ரிசீவருக்கோ அந்தத் துடிப்பு எழுத்தாக, படமாகத் தெரியும். டேப்லட் பதில் சொல்ல வேண்டுமானால் அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை மேலே அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள விளக்கின் நட்டநடுவில் இருபது காசு நாணயத்தின் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு. குறுக்கே கையை நீட்டினால் போச்சு. சுவரைத் தாண்டியும் போகாது.

சுவரைத் தாண்டாது என்பதுதான் எங்கள் வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்தது. சிங்கப்பூரில் அவர்களிடம் நுட்பமான அளவுக் கருவிகளைச் சோதிக்கும் அறைகள் இருந்தன. அங்கே வைஃபை மாதிரி எந்த ரேடியோ அலையும் நுழையக் கூடாது, ஆனால் ஊழியர்கள் கையில் டேப்லட் வேண்டும். எங்கள் கம்பெனியிலேயே அதே மாதிரி ஓர் அறை கட்டி, நான்கு விளக்கு மாட்டி, நான்கு மேசை போட்டு, வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு நான்.

தவுக்கே சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "புதன்கிழமை வந்து பார்ப்பாங்க. ஓகேன்னா இந்த செக்‌ஷன் இருக்கும். இல்லன்னா வருசக் கடைசியில மூடிடுவேன்" என்று மலாயில் சொல்லிவிட்டார். மூடினால் எனக்குக் கதி பாலம்தான். பழைய கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். வீட்டில் இதை என் கணவரிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். ஆனாலும் அறைக்குள்ளிருந்து மகள் குரல் வந்தது.

"அப்ப மறுபடியும் ஆன்ட்டி வீடாம்மா?"

நான் பாத்திரம் கழுவப் போனேன். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

எங்கள் லைன் லீடர் ஓர் அக்கா. குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர், வயது நாற்பத்தெட்டு. ஏஜெண்ட் மூலம் ஒப்பந்தத்தில் வேலை செய்தார். விளக்குத் தகட்டில் அவர் பற்றவைத்த கம்பி அறுந்து நான் பார்த்ததில்லை. நான் காய்ந்து விழும்போதெல்லாம், "சாப்ட்டியா மா?" என்று கேட்டே என் வாயை அடைத்துவிடுவார். அந்த வருடம் தைப்பூசம் கழிந்ததும் அவருடைய கணவர் இறந்துபோனார். மகன் ஃபார்ம் ஃபைவ் படிக்கிறான், பள்ளியில் கடைசி வருடம். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

புதன்கிழமைக்கு ஆறு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் தவுக்கே ஒரு மணி நேரம் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிடுவார். தானும் கைகட்டி நின்று கும்பிடுவார். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் உண்டு. எப்போதும் அக்காதான் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார். அந்த வருடம் அவர் கிண்ணத்தை எடுத்தபோது, பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் காதில் விழுந்தது. புருஷன் போய் வருசம்கூட திரும்பலையே என்றுதான்.

நான்தான் போய்க் கிண்ணத்தை வாங்கினேன். "நீங்க தட்ட மட்டும் பிடிங்க அக்கா. நான் வச்சிடுறேன்" என்றேன். வம்பு வேண்டாம், அவருக்கும் சங்கடம் வேண்டாம் என்று நினைத்துச் செய்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிச்சத்தில் தகவல் அனுப்பத் தெரிந்த ஒரு பொம்பளைக்கு, கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கத் தெரியவில்லை.  அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

எனக்கு எல்லாமே அவசரம். பற்றவைக்கும் மெஷின், கம்ப்ரஸர், பெட்டி ஒட்டும் மெஷின், கம்ப்யூட்டர் என்று விறுவிறுவென்று வைத்துக்கொண்டே போனேன். சோதனை அறையில் மின்சாரத்தை நிறுத்தியிருந்ததால் அரை இருட்டு. நான்காம் விளக்கின் கீழே நான் காலையில் விட்டுவிட்டுப் போன ஏணி அப்படியே நின்றது. ஏறினேன். வைத்தேன். இறங்கினேன். இதை இப்போது எழுதும்போதுதான் இவ்வளவு தெளிவாக வருகிறது. அன்று கேட்டிருந்தால் அந்த ஏணியில் ஏறினேனா என்றுகூடச் சத்தியம் செய்திருக்க மாட்டேன். நாற்பது பொட்டு வைத்த கைக்கு நாற்பத்தொன்றாவது நினைவில் நிற்குமா?

மறுநாள் காலை நான்காம் மேசை பேச்சை நிறுத்திவிட்டது.

முழுதாக நின்றிருந்தால் பரவாயில்லை, எங்கே என்று தேடிவிடலாம். இது வேறு விதம். விளக்கு சொல்வது டேப்லட்டுக்குக் கேட்கிறது. டேப்லட் சொல்வது விளக்குக்குப் போய்ச் சேரவில்லை. சில நேரம் போகிறது, உடனே அறுந்துவிடுகிறது. ரிசீவரை மாற்றினேன். டேப்லட்டை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஜன்னல் வெயிலாக இருக்குமோ என்று கறுப்புத் துணி கட்டினேன். ஏர்கானை நிறுத்திப் பார்த்து வியர்வையில் நனைந்தேன். மூன்று மேசைகள் சமத்தாக வேலை செய்தன. நான்காவது என்னை வைத்து விளையாடியது.

விளக்கையே கழற்றிப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. காரணம் திமிர். நான்காம் விளக்கு நான் ஆரம்பத்திலிருந்து என் கையால் கட்டியது. மற்ற மூன்றும் கெட்டாலும் அது கெடாது என்று ஊரறியச் சொல்லியிருந்தேன். அதுவும் அல்லாமல் எரிகிற எல்.இ.டி. பலகையை நிமிர்ந்து பார்க்க முடியாது, கண் கூசும். அறை விளக்குகளை யாரும் அணைக்கக் கூடாது என்று கதவில் எழுதி வேறு ஒட்டியிருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேசைக்குக் கீழே தேடினேன், பின்னால் தேடினேன், மேலே மட்டும் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் என்னோடு யாரும் இருந்திருக்க முடியாது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே நடப்பேன். மகள் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் பாதியில் எழுந்து போய் லேப்டாப்பைத் திறப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குப் போனேன். என் கணவர் ஒரு தடவை, "கொஞ்சம் உக்காரு லா" என்றார். அவரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டேன். எதற்கென்று இருவருக்குமே தெரியவில்லை.

திங்கள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், பழக்க தோஷத்தில் யாரோ சோதனை அறை விளக்குகளையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாப்பாட்டுக்குப் போகும்போது விளக்கணைப்பது கம்பெனி விதி. நான் மேசைக்குக் கீழேயிருந்து வெளியே வந்தேன். யார் அணைத்தது என்று கத்த வாயைத் திறந்துகொண்டே நிமிர்ந்தேன். கறுப்புத் துணியின் இடுக்கு வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில் நான்காம் விளக்கின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியின் மேல் காய்ந்து வெடித்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது.

ஏணியின் உச்சியில் நிற்கும்போதே போன் அடித்தது. தவுக்கே. கண்டுபிடித்தாயா என்று கேட்டார். நான்கு நாள் எரிச்சலும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "லைன்ல உள்ளவங்க பூஜை அன்னிக்குக் கண்ணாடி மேல பொட்டு வச்சிட்டாங்க பாஸ். அந்த அக்காவோட வேலை." யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. எப்போதும் பொட்டு வைப்பவர் அக்கா, அதனால் நாக்கு அவரிடம் போய் நின்றது, அவ்வளவுதான்.  தவுக்கே, "கண்ணாடிய தொடற ஆளு எனக்கு இந்த செக்‌ஷன்ல வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

இறங்கியவள் அதோடு நின்றேனா? நேராகக் கேண்டீனுக்குப் போனேன். அக்கா மகனுக்குக் கட்டிய சோற்றில் மிச்சத்தைத் தனக்குக் கொண்டுவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், கண்ணாடி பக்கம் கை போகக் கூடாதுன்னு? நாலு நாளா நாயா அலையிறேன். அந்த விளக்குக்குப் பொட்டு வைக்கலன்னு யாரு அழுதா?"

அக்கா கையில் இருந்த சோற்றைப் பாத்திரத்திலேயே வைத்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் இந்த வருசம் பொட்டே வைக்கலையே மா" என்றார்.

 வைக்கவிடாமல் செய்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஏணியின் படிகள், அரை இருட்டு, கீழே தட்டை உயர்த்திப் பிடித்த அவருடைய கை எல்லாம் அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தன. முகம் என்று எதைப் பார்த்தாலும் அதன் நடுவைத் தேடிப் போகிற கை எனக்கு. சின்ன வயதிலிருந்து பழகிய கை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதத்தான் ஆசை. அன்று கேட்கவில்லை. "சரி விடுங்க" என்று எனக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டு, பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு சோதனை அறைக்கு ஓடினேன். துடைத்தேன். விளக்கைப் போட்டேன். நான்காம் மேசை மறு நொடியே பேசியது.  

புதன்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் எஞ்சினியர் வந்தார். நான்கு மேசையிலும் உட்கார்ந்து பார்த்தார். விளக்குக்குக் கீழே கையை நீட்டித் தகவலை அறுத்தார், கையை எடுத்து அது திரும்ப வருவதைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். போகும்போது தவுக்கேயின் கையைக் குலுக்கி, முதலில் பன்னிரண்டு அறைகளுக்கு வேண்டும் என்றார். தவுக்கே என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். செக்‌ஷன் பிழைத்தது. என் காலைகள் பிழைத்தன.

அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். ஆனாலும் உட்கார முடியவில்லை.

மறுநாள் அக்காவைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது, புதுப்பிக்க வேண்டாம் என்று தவுக்கே ஏஜெண்டிடம் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தினமும் தவுக்கேயின் அறை வாசல் வரை போனேன். இன்றைக்கு வேண்டாம், ஆர்டர் கையெழுத்தாகட்டும், பிறகு சொல்லலாம் என்று திரும்பினேன். கண்ணாடியைத் தொட்டது நான் என்று தெரிந்தால் எனக்கும் அதே வார்த்தைதானே? பெட்டி கட்டும் பகுதியைத் தாண்டிப் போகும்போது போனைக் காதில் வைத்துக்கொள்வேன். எதிர்முனையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அக்கா தன் கடைசி நாளில் எல்லாருக்கும் கறிபஃப் வாங்கி வந்தார். என் மேசையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார்.

ஆர்டர் கையெழுத்தாகி, முதல் ஆறு அறைகளுக்கான விளக்குகள் லாரி ஏறிய பிறகுதான் தவுக்கேயின் அறைக்குள் போனேன். பொட்டு வைத்தது நான்தான் என்றேன். அக்காவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை என்று சேர்த்துச் சொன்னேன். தூக்க முடியாது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு சொன்ன வார்த்தை அது, அந்த அறைகளைப் பொருத்தத் தெரிந்தவள் நான் ஒருத்தி. தவுக்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். அதை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, "கூப்பிடு அவங்கள. வரச் சொல்லு" என்றார். இவ்வளவுதான். இதைக் கேட்கத்தான் நான் ஏழு வாரம் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்த உடனே, "சாப்ட்டியா மா?" என்றார். நான் மன்னிப்பையும் வேலையையும் ஒன்றாகக் கலந்து கொட்டினேன்.  அவர் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"அட விடு மா. எனக்குத் தெரியாதா உன்ன? உன் வாயிதான அப்படி. ஆனா இனிமே வர முடியாது லா. ஏஜெண்ட்டு சிங்கப்பூர்ல ஆபீஸ் கிளீனிங் எடுத்துக் கொடுத்துட்டாரு. ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு."

"கஷ்டமா இருக்கா அக்கா?"

"வேல ஒண்ணும் கஷ்டமில்ல. மூணே முக்காலுக்கு எந்திரிக்கணும், பாலத்துல நிக்கணும். அதான். நீ போனவதான, உனக்குத் தெரியும்."

தெரியும் என்றேன். ஸ்கூடாய் வீட்டின் கூடத்தில், போனைக் காதில் வைத்தபடி, அன்று நான் உட்கார்ந்துவிட்டேன். எதிரில் என் மகள் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் மகனுக்குப் பரீட்சை வருடம், காலையில் அவனை யார் எழுப்புகிறார்கள் என்று அக்காவிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. நான் கேட்கவில்லை.